ஆகார் முதல் வாடகைத் தாய் வரை

சிவகிரியிலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் செல்லும்போது, 'கருத்தரிப்பு மையம்' என்னும் விளம்பரப் பலகைகள் கண்ணில் படுகின்றன. நான் பார்த்த பலகைகளில் எல்லாம் சிரிக்கும் மழலையின் படம் இருந்தது. தாயின் முகம் இல்லை. அவற்றைக் காணும்போதெல்லாம் தொடக்க நூலின் பதினாறாம் அதிகாரம் என் நினைவுக்கு வரும்.

பிள்ளைப்பேறு இல்லாத சாராய், தன் எகிப்தியப் பணிப்பெண்ணைக் கணவரிடம் ஒப்படைக்கிறார். அவள் வழியாகத் தமக்கு ஒரு மகன் கிடைக்கட்டும் என்பது அவரது எண்ணம். அவ்வதிகாரத்தைச் சற்றே கூர்ந்து படித்துப் பாருங்கள். ஆபிராமும் சாராயும் பேசும்போது அவளைப் 'பணிப்பெண்' என்றே குறிப்பிடுகின்றனர், பெயர் சொல்வதில்லை. பாலை நிலத்து நீரூற்றருகே 'ஆகார்' என்று அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் ஆண்டவரின் தூதரே. அவளும் தன்னைக் காண்பவர் என்று ஆண்டவருக்கே பெயர் சூட்டுகிறாள்.

ஐரோப்பிய ஓவியர் பலர் ஆகாரை வரைந்துள்ளனர். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1637இல் செய்த செதுக்கோவியத்தில், ஆபிரகாம் வாசற்படியில் நின்று தவிக்கிறார். ஒரு கை வீட்டின் பக்கமும் மறு கை ஆகாரின் பக்கமும் நீள்கின்றன. சாரா சன்னல் வழியே பார்க்கிறார். ஆகார் அழுதுகொண்டு நடக்கிறாள். குழந்தை வேண்டும் என்ற நியாயமான ஏக்கமும், அதற்காக இன்னொரு பெண் பட்ட துயரும் ஒரே படத்தில் அடங்கியுள்ளன. நம் காலத்துக் கேள்வியும் இதுவே.

1968 ஜூலை 25ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுலின் 'மனித உயிர்' மடல் கையெழுத்தானது. தம்பதியரின் ஒன்றிப்பையும் உயிர் தோன்றுதலையும் பிரித்தல் ஆகாது என்று அது கற்பித்தது. சரியாகப் பத்தாண்டு கழித்து, 1978 ஜூலை 25இல், இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அவளே உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. அப்போது வெனிஸ் நகர ஆயராயிருந்த கர்தினால் அல்பினோ லுச்சியானியிடம் கருத்துக் கேட்டனர். அந்த முறையை ஏற்கத் தயங்கிய அவர், குழந்தைக்கு மனமார வாழ்த்துக் கூறினார். பெற்றோரைக் கண்டிக்கவும் மறுத்தார். அடுத்த மாதம் அவரே முதலாம் யோவான் பவுல் என்னும் பெயரோடு திருத்தந்தையானார்.

அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் 'துர்கா' பிறந்தாள். கருவை 53 நாள் உறைய வைத்துப் பின் தாயின் கருப்பையில் வைத்திருந்தார்கள். ஆயினும் மாநில அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய குடும்பமோ வெளியே வர விரும்பவில்லை. 1981 ஜூனில் கண்மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்ட அவர், அம்மாதம் 19ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளை ஆராய்ந்த அறிவியலாளர் டி. சி. ஆனந்த் குமார், 1997இல்தான் அவரது முதன்மையை உலகுக்கு எடுத்துரைத்தார்.

இத்துயரத்தை ஒட்டி ராமாபத சௌதுரி 'அபிமன்யு' என்னும் கதையை எழுதினார். அதைத் தபன் சின்ஹா 1990இல் 'ஏக் டாக்டர் கி மௌத்' என்ற திரைப்படமாக்கினார். ஆனால் படத்தின் மருத்துவர் கண்டுபிடிப்பது தொழுநோய்க்கான தடுப்பு மருந்து! ஓர் ஆராய்ச்சியாளரின் வேதனையைக் கலை உருக்கமாகக் காட்டியது. அச்சத்தோடு குழந்தையை ஏந்திநின்ற தாயோ கதையிலிருந்து மறைந்துபோனாள்.

இவ்வகையில் தமிழ் சற்று முந்திக்கொண்டது. சிவசங்கரியின் 'ஒரு சிங்கம் முயலாகிறது' என்னும் புதினத்தை முக்தா சீனிவாசன் 1980இல் 'அவன் அவள் அது' என்று படமாக்கினார். சிவகுமார், லட்சுமி, ஸ்ரீபிரியா நடித்தனர். பிள்ளையில்லாத தம்பதியருக்காக, செயற்கைக் கருவூட்டலின் வழியே இன்னொரு பெண் சுமக்கும் கதை அது. 'வாடகைத் தாய்' என்ற சொல் நம் நாவில் பழகுமுன்பே, சுமப்பவளுக்கும் ஒரு மனம் உண்டல்லவா என்று அது கேட்டது.

1990இல் டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவத்தால் சென்னையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. பின்னர் இது வணிகமாகவும் வளர்ந்தது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் விற்கப்பட்ட கொடுமை வெளிப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வந்த 'யசோதா' திரைப்படமும் ஏழைப் பெண்களின் கருப்பையைச் சுரண்டும் வணிகத்தையே பேசியது. பணத்துக்கு வாடகைத் தாயாவதைத் தடை செய்யும் 2021ஆம் ஆண்டுச் சட்டம், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது.

திருச்சபையின் போதனையில் ஐயமில்லை. 1987 பிப்ரவரி 22 எனத் தேதியிடப்பட்ட 'உயிர்க் கொடை' ஏடு, குழந்தை பெற்றோர் உரிமையாகக் கோரும் பொருளன்று, கொடை என்கிறது. தாம்பத்திய உறவுக்குத் துணைநிற்கும் மருத்துவத்தை ஏற்கிறது. அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் முறைகளை ஏற்பதில்லை. கருக்களை அழிப்பதையும் வன்மையாகக் கண்டிக்கிறது. 2024 ஏப்ரலில் வெளிவந்த 'முடிவற்ற மாண்பு' ஏடு, வாடகைத் தாய்மை குழந்தையின் மாண்பையும் பெண்ணின் மாண்பையும் குலைக்கிறது என்றது. ஆயினும் எம்முறையில் பிறந்தாலும் குழந்தை இறைவனின் கொடையாக அன்போடு வரவேற்கப்பட வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு ஏடே கூறுகிறது. இந்த வரியை நாம் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

நானே மறந்ததுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது, கைக்குழந்தையோடு பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, இது ஆஸ்பத்திரியில உண்டாக்குன பிள்ளைன்னு ஊருல பேசுதாவ. ஞானஸ்நானம் குடுப்பியளா?" என்று கேட்டார். கொடுப்பேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நானோ குருமடத்தில் கற்ற அறநெறிப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். திருமுழுக்குப் பதிவேட்டை எழுத அமர்ந்தபோதுதான், அவர் பெயரை நான் இன்னும் கேட்கவில்லை என்பது உறைத்தது. தாயின் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. வெட்கத்தோடு கேட்டு எழுதினேன்.

அன்பு வாசகரே, போதனையை நீர்த்துப்போகச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. 'ஏதும் விசேஷம் உண்டா?' என்று புதுமணப் பெண்ணைத் திருமண வீட்டிலும் கோயில் வாசலிலும் துளைத்தெடுப்பவர் நாமே. அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் கடன் வாங்கிக்கொண்டு மருத்துவமனை வாசலில் நிற்கின்றனர். பிறகு அவர்களைத் தீர்ப்பிடுபவரும் நாமாகவே இருக்கிறோம். ஆகாரைப் பெயர் சொல்லி அழைத்த தூதர், அவள் எங்கிருந்து வருகிறாள், எங்கே போகிறாள் என்றுதான் கேட்டார். நம் பங்கில் கண்ணீரோடு வரும் பெண்ணிடம் நாம் முதலில் கேட்பது எதுவாக இருக்கும்?