குழாயைக் கட்டினால் சரக்கு எங்கே போகும்?

எழுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஆவடி டாங்கி ஃபேக்டரியிலோ வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு முக்கோணம் மறந்திருக்காது. ஆண்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால் பணம் என்று 1950களிலேயே தொடங்கிவைத்தது நம் சென்னை ராஜ்யம்தான். தொகை 30 ரூபாய். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி இதில் முனைப்பாக இருந்தார். 1971 ஜூலையில் எர்ணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் 63,000 பேருக்கு மேல் செய்துகொண்டார்கள். அப்புறம் எமர்ஜென்சி வந்தது, வடக்கே நடந்த கட்டாயத்தில் ஆண்கள் அந்தப் பக்கமே திரும்பாமல் போனார்கள். இன்று தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

எமர்ஜென்சியை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஆண்மை போய்விடும் என்ற பயம் அதற்கு முன்பே இருந்தது. கேன்டீனில் தணிந்த குரலில் கேட்பார்கள்: "குழாயைக் கட்டிட்டா உள்ளே உற்பத்தியாகிற சரக்கு எங்கேய்யா போகும்?" நல்ல கேள்வி. பதில் கிடைக்க விஞ்ஞானத்துக்கே நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

இத்தாலியில் பாவியா நகரில் என்ரிகோ செர்டோலி என்ற 23 வயது மாணவர், 1865-இல் விரையின் நுண்குழாய்களுக்குள் மரம்போல் கிளைவிட்ட செல்களைக் கண்டார். வளரும் விந்தணுக்களை மடியில் வைத்து வளர்க்கும் தாதி அந்தச் செல். 1900களின் தொடக்கத்தில் மிருகங்களின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் நிறம் மாறியது. மூளைக்குள்ளும் இந்தக் குழாய்களுக்குள்ளும் மட்டும் சாயம் போகவில்லை. காரணத்தை 1970-இல் டிம், ஃபாசெட் இருவரும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். பக்கத்துப் பக்கத்துச் செர்டோலி செல்கள் இடுக்கில்லாமல் இறுகிச் சேர்ந்து ஒரு வேலி கட்டியிருக்கின்றன.

வேலிக்கு வெளியே பிறக்கும் இளம் செல் உள்ளே வந்தாக வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாயில் படகு போன காலத்து லாக் கதவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குப் பின்னால் புதுப் பிணைப்பு மூடிய பிறகுதான் முன்னால் பழையது அவிழும். உள்ளே வந்தபின் விந்தணுவின் தலையைத் தாதிச் செல் இன்னொரு வகைப் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். ஸ்டாண்டில் குத்திய ஊதுபத்திபோலத் தலை உள்ளே, வால் வெளியே. விந்தணுவுக்கு அப்போது நீந்தத் தெரியாது. தாதிச் செல்தான் தன்னுள் ஓடும் நூல்தண்டவாளத்தில் அதை ஆழத்துக்கு இழுத்து, மறுபடி விளிம்புக்குக் கொண்டுவந்து, பிடியைக் கரைத்து விடுகிறது. முழு வேலைக்கும் ஏறத்தாழ பத்து வாரம்.

வேலி எதற்கு? உடம்பின் காவல்படை தன் ஆள் யார் என்று குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொள்கிறது. விந்தணு வருவதோ மீசை முளைக்கும் வயதில். கண்டால் அந்நியன் என்றுதான் நினைக்கும்.

ஆபரேஷனில் வெட்டுவது வெளியே போகும் குழாயை மட்டும். ஆண்மைக்கான ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதே இல்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. உற்பத்தியும் நடக்கிறது; தேங்கும் விந்தணுக்களை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. அப்படிக் கரையும்போது காவல்படை அவற்றைப் பார்த்துவிடுவதால், ஆபரேஷன் செய்துகொண்ட பலருடைய ரத்தத்தில் விந்தணுவுக்கு எதிரான பொருள் உண்டாகிறது. அவருக்கு அதனால் தொல்லை இல்லை. பிற்பாடு குழந்தை வேண்டுமென்று குழாயைத் திரும்ப ஒட்டவைக்க வருகிறவருக்குத்தான், குழாய் சரியாகத் திறந்தும் சில சமயம் கரு தங்குவதில்லை.