கூவக் கரையில் ஒரு வரலாற்று நடை

வரலாற்றுப் பாடம் என்றதும் நம் பிள்ளைகள் நினைப்பது போர்களையும் பட்டாபிஷேகங்களையுந்தான். இது அவர்கள் குற்றமன்று. பாடநூல் அவ்வாறு அமைந்துள்ளது. தேர்வும் அவ்வாறே கேட்கிறது. எனினும் ஒரு தெருவைக் கூர்ந்து பார்க்கப் பழகியவனுக்கு அத்தெருவே ஒரு நூலாகும். அதில் எழுதப்பட்ட வரிகளோடு எழுதாமல் விடப்பட்ட வரிகளும் உண்டு. நம்மைப் போன்றோர் பெரிதும் இரண்டாவது வகையிலேயே இருக்கிறோம். ஆதலின் வெள்ளி விழா மலரில் எழுதும் வாய்ப்புக் கிட்டியபோது, நம் மாலைப் பள்ளி மாணவரை ஆண்டுதோறும் நான் அழைத்துச் செல்லும் ஒரு பேட்டையைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அது சென்னை மாநகரின் நடுவே கூவம் ஆறு வளைந்து சூழ்ந்து ஓடும் சிந்தாதிரிப்பேட்டை.

அண்ணா சாலையில் சிம்சன் நிறுத்தத்தில் இறங்கிப் பேட்டைக்குள் திரும்பினால், சற்றுத் தொலைவில் மே தினப் பூங்கா வரும். ஆங்கிலேயர் காலத்தில் இதன் பெயர் நேப்பியர் பூங்கா. நேப்பியர் பிரபு சென்னையின் கவர்னராக இருந்தவர். பிரபுவின் பெயர் போய் உழைப்பாளர் நாளின் பெயர் வந்தது நல்லதே. இங்கு மாணவரைச் சிறிது நேரம் அமர்த்தி, அவர்கள் நடக்கப்போகும் தெருக்களில் நடப்பதற்கான உரிமை எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லிவிட்டே மேலே அழைத்துச் செல்வது என் வழக்கம்.

தெருவில் நடக்க உரிமையா என்று இன்றைய பிள்ளைகள் வியப்பார்கள். வியக்கட்டும். 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் உள்ளிட்ட எவரும் நடப்பதற்குத் தடையில்லை என்றும், அரசு அலுவலகம், பொதுக் கிணறு, குளம் போன்ற இடங்களுக்கு ஏனைய வகுப்பினர் செல்லும் அதே முறையில் நம்மவரும் செல்லலாம் என்றும் அத்தீர்மானம் கூறிற்று. அது நிறைவேறியது. இதனைப் படிக்குந்தோறும் எனக்கு எழும் எண்ணம் ஒன்றுண்டு. ஒரு மனிதன் தன் காலால் நடப்பதற்கும் சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. அத்தீர்மானம் பிறந்து நூறாண்டுகள் இப்போதுதான் கடந்துள்ளன. சிந்தாதிரிப்பேட்டையோ அதற்கும் 190 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது.

பேட்டை பிறந்த கதை பின்வருமாறு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்நாளில் சென்னையில் பெருவாணிபம் துணியே. நெசவாளர் கோட்டைக்குத் தொலைவில் சிதறிக் கிடந்தால் சரக்குக் காலத்தில் வந்து சேராது. ஆகவே, 1734ஆம் ஆண்டில் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் நெசவாளர்க்கென ஒரு குடியிருப்பை நிறுவ முடிவு செய்தார். கம்பெனியின் பழைய வணிகரான சுங்குராமச் செட்டியாரின் தோட்டம் இருந்த ஆற்றங்கரை நிலம் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆற்று நீர் துணி வெளுக்க உதவும். மர நிழல் தறிக்கு உதவும். சிறு தறிகளின் பேட்டை, அதாவது சின்னத் தறிப்பேட்டை என்பதே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று.

அக்குடியிருப்பில் யார் குடியேறலாம் என்பதற்கும் ஒரு வரையறை இருந்தது. நூற்போர், நெய்வோர், துணியில் சித்திரம் தீட்டுவோர், வெளுப்போர், கோயிலுக்குரிய அந்தணர், ஆடல் மகளிர், பிற கோயில் பணியாளர் ஆகியோரே அங்கு இடம் பெறத்தக்கவர். இப்பட்டியலை மாணவர்முன் வாசித்துவிட்டு, ‘இதில் இல்லாதவர் யார்?’ என்று கேட்பேன். முதலில் மௌனம் நிலவும். பின்னர் ஒருவன் மெல்லிய குரலில் ‘நாம்’ என்பான். பட்டியலில் நம் பெயரில்லை என்பது உண்மை. ஆனால் பட்டியலில் இல்லாதவர் அவ்விடத்தே இல்லவே இல்லை என்று கொள்வது வரலாற்று மாணவன் செய்யக்கூடாத ஒன்று. நிலந்திருத்தவும், மண் சுமக்கவும், குப்பை அள்ளவும், செத்த மாட்டை அப்புறப்படுத்தவும் ஆளின்றி எந்தப் பேட்டையும் எழுந்ததில்லை. அந்த வேலைகள் யார் தலையில் கட்டப்பட்டிருந்தன என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை.

மற்றொன்றையும் இங்கே கூறவேண்டும். நெசவு என்றதும் கைக்கோளர், தேவாங்கர், சாலியர் என்று சில சாதிப் பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது பலருக்கு வழக்கமாயிற்று. நம்மவரும் தறி நெய்தனர். பழைய கல்வெட்டுகளில் தறிக்கு விதித்த வரிகளுள் ‘பறைத்தறி’ என்பதும் ஒன்று. தறி இல்லாமல் தறி வரி வந்திருக்குமோ? கோலியர் எனப்படும் நம் உறவினர் தஞ்சை, இராமநாதபுரம் பகுதிகளில் நெசவையே தொழிலாகக் கொண்டிருந்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. வரி வாங்கும்போது நினைவில் இருந்தவர்கள் பெருமை பேசும்போது மறக்கப்பட்டனர். இதனை இளைஞர்கள் மனத்தில் இருத்துக.

இப்போது தெருக்களுக்குள் வருவோம். அருணாச்சலத் தெரு, ஐயா தெரு, சாமித் தெரு எனப் பலகைகளில் சில பெயர்களைக் காண்கிறோம். இவற்றின் பின்னே ஒரு காலத்தில் நாயக்கர், முதலி என்னும் சாதிப் பட்டங்கள் ஒட்டியிருந்தன. 1970களின் இறுதியில் அரசு அவற்றை நீக்கிற்று. பலகையில் நீங்கியது, நாவில் நீங்கவில்லை. அஞ்சல் உறையிலும் கடைப் பலகையிலும் இன்றும் பழைய பெயரே உலவுகிறது. இதில் வருந்துவதற்கு ஏதுமில்லை என்பாரும் உளர். ஆனால் நம் பெயர் தாங்கிய தெரு ஒன்றுகூட இத்தனை தெருக்களிடையே பழைய நாளில் இருந்ததில்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்ளலாம். நமக்குத் தெரு இல்லை, சேரிதான் இருந்தது. சேரியில் தெருவுக்குப் பெயர் வைப்பதற்கு யாரும் மெனக்கெடவில்லை.

பேட்டையின் நடுநாயகமாக விளங்குவது ஆதிகேசவப் பெருமாள், ஆதிபுரீசுவரர் ஆகிய இரட்டைக் கோயில். சைவமும் வைணவமும் அடுத்தடுத்து நிற்கும் இக்கோயில்களை எழுப்பியவர் கம்பெனியாரின் துபாஷியாக விளங்கிய ஆதியப்ப நாராயணச் செட்டியார். கம்பெனி கொடுத்த முன்பணமும் வணிகர் கொடுத்த கோயிலும் சேர்ந்தே நெசவாளரை இங்கே நிலைநிறுத்தின. கோயில் இல்லா ஊரில் குடியிருக்கமாட்டோம் என்ற நம் மக்களின் மனத்தைக் கம்பெனியார் நன்கு கணக்கிட்டிருந்தனர்! சிற்ப வேலை பற்றி விரித்துரைக்க நான் தகுதியுடையேன் அல்லேன். மாணவர்க்கு நான் சொல்வது ஒரு கழித்தல் கணக்கு மட்டுமே. சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலய நுழைவை உறுதி செய்த சட்டம் வந்தது 1947ஆம் ஆண்டில். 1947இலிருந்து 1734ஐக் கழித்தால் 213. தறிப்பேட்டை தோன்றியது முதல் எண்ணினால், அத்தனை ஆண்டுகள் கழித்தே சட்டத்தின் துணையோடு நம் பாட்டன்மார் கோபுரத்தைக் கடந்து உள்ளே செல்லும் நிலை வந்தது.

கோயிலைக் கடந்து நடந்தால் சீயோன் தேவாலயம். 1847இல் அமெரிக்க மிஷன் கட்டியது. மைரன் வின்சுலோ என்ற பாதிரியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சென்னையில் தங்கி, 67,000க்கு மேற்பட்ட சொற்கள் அடங்கிய தமிழ் ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்டார். அவருக்கு முன்னோர் தொகுத்தவையும் தமிழ்ப் பண்டிதர் பலரின் உழைப்பும் அதில் கலந்துள்ளன. நாம் இன்று நூலகத்தில் புரட்டும் அகராதிகளுக்கு அது ஒரு மூத்த சகோதரன். பின்னர் இத்தேவாலயத்தில் போதகராய் இருந்த சத்தியநாதன் ஐயரும் அவர் துணைவியார் அன்னா அம்மையாரும் பெண் கல்விக்கு உழைத்தவர்கள். அவர்கள் மருமகள் கிருபாபாய் ஆங்கிலத்தில் புதினம் எழுதிய முதல் இந்தியப் பெண்மணிகளுள் ஒருவர். 1894இல் மிக இளம் வயதில் மறைந்தார். மதம் மாறினால் சாதி ஒழிந்துவிடும் என்று எண்ணியோர்க்கு ஒரு செய்தி: சபைக்குள்ளும் சாதி புகுந்து உட்கார்ந்துகொண்டதால்தான் 1850ஆம் ஆண்டு சென்னை மிஷனரிமார் மாநாடு கூடிச் சாதி வழக்கத்தைக் கண்டித்துக் குறிப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

இங்கிருந்து ஆற்றுப் பக்கம் திரும்பி அக்கரையைப் பார்த்தால் புதுப்பேட்டை. அதன் பழம்பகுதி கோமளீசுவரன்பேட்டை. வள்ளல் பச்சையப்ப முதலியார் அங்கே வாழ்ந்து, கூவத்தில் நீராடிக் கோயிலுக்குச் சென்றார் என்பர். கூவத்தில் நீராடுவதா என்று மாணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பர். 1794இல் மறைந்த அவ்வள்ளலின் செல்வத்தால் எழுந்த கல்வி நிலையங்கள் தமிழ் நாட்டுக்குச் செய்த தொண்டு பெரிது. அதனை மறுப்பது நன்றியன்று. ஆயினும் அங்கு இந்து மாணவர்க்கே இடம் என்னும் விதி இருந்தது. அந்த ‘இந்து’ என்ற சொல்லுக்குள் நம்மவர் நெடுங்காலம் அடங்கவில்லை. மக்கள் தொகைக் கணக்கில் இந்து, கல்லூரி வாயிலில் வேறு. இதற்கு என்ன இலக்கணம் சொல்வது?

தறிகளின் கதை விரைவில் முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் ஆலைத்துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கவே, கைத்தறித் துணி வாங்குவதற்காக அமைந்த பேட்டையில் வாங்குவோர் இலராயினர். இன்று பேட்டையின் பெயரில் மட்டுமே தறி உண்டு. மீன் அங்காடியின் ஆரவாரமும் அச்சகங்களின் ஓசையுமே காதில் விழுகின்றன.

இனி ஆற்றங்கரைக்கு வருகிறோம். நடையில் நான் நெடுநேரம் நிற்பது இங்கேதான். தறிப்பேட்டைப் பட்டியலில் இடம் பெறாத மக்களின் வழித்தோன்றல்களும், பஞ்சத்தாலும் பண்ணை அடிமையாலும் துரத்தப்பட்டுச் செங்கற்பட்டு, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தோரும் தமக்கெனக் கண்ட இடம் இக்கரையே. எவரும் வேண்டாத நிலம், வெள்ளம் வரும் நிலம். ஆதலின் அது அவர்களுக்குக் கிடைத்தது. சுமை தூக்குவோர், வண்டி இழுப்போர், துப்புரவுப் பணியாளர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் எனப் பெரிய மருத்துவமனைக்கும் மத்திய ரயில் நிலையத்துக்கும் கடைவீதிக்கும் வேண்டிய கைகள் யாவும் இங்கிருந்தே சென்றன.

கிழக்கே தீவுத்திடலை அடுத்து ஒரு குடியிருப்பு இருந்தது. அதன் பெயர் சத்தியவாணி முத்து நகர். அன்னை சத்தியவாணி முத்து அவர்கள் யார் என்று கேட்டால் நம் இளைஞரில் பலர் விழிக்கின்றனர். 1967இல் அண்ணா அமைத்த அமைச்சரவையில் இடம் பெற்ற நம் இனத்துப் பெண்மணி அவர். 1974இல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர். 1979இல் மத்திய அமைச்சராகவும் உயர்ந்தவர். தெருப்பெயர் இல்லாத மக்கள் தம் குடிசைப் பகுதிக்குத் தாமே ஒரு பெயர் வைத்துக்கொண்டபோது, அந்த அம்மையாரின் பெயரைத் தேர்ந்தனர். சுங்குராமச் செட்டியார் தோட்டத்தைவிட இந்தப் பெயருக்கு வரலாற்றில் உரிமை குறைவென்று நான் கருதவில்லை.

2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் கூவச் சீரமைப்புத் திட்டத்தின் பேரால் கரையோரக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. சத்தியவாணி முத்து நகரின் முறை 2019 டிசம்பரில் வந்தது. மக்கள் சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே உள்ள பெரும்பாக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வெள்ளம் வந்தால் உயிருக்கு ஆபத்து என்று அரசு கூறியது பொய்யன்று; கல்வீடு கிடைத்ததும் பொய்யன்று. ஆனால் ஒரு பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் நான் கேட்பது நாள்காட்டியைப் பற்றி. கல்வியாண்டு தொடங்குவது ஜூனில், முடிவது ஏப்ரலில். டிசம்பரில் ஒரு குழந்தையைப் பெயர்த்தால் அதன் வருகைப் பதிவேடு எங்கே இருக்கும்? பத்தாம் வகுப்பு மாணவன் பழைய பள்ளியிலேயே தேர்வெழுத வேண்டுமெனில் விடியுமுன் பேருந்தேற வேண்டும். பெண் பிள்ளையாயின் அப்பயணத்துக்கு அஞ்சிப் பெற்றோர் நிறுத்திவிடுவர். நிறுத்திய பிள்ளையின் பெயர் எந்தத் திட்ட அறிக்கையிலும் ஏறுவதில்லை. மே மாதம் வரை பொறுத்திருந்தால் ஆறு வற்றிப்போயிருக்குமா?

அங்கு நிற்கும்போது மாணவர் பொதுவாகப் பேசுவதில்லை. சென்ற முறை மட்டும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ‘ஐயா, அவங்க இங்க இருந்ததுக்கு ஏதாச்சும் எழுதி வச்சிருக்காங்களா?’ என்று கேட்டாள். சிந்தாதிரிப்பேட்டைக்குக் கம்பெனியின் ஆவணம் உண்டு. கோயிலுக்குக் கல் உண்டு. தேவாலயத்துக்குப் பதிவேடு உண்டு. இக்கரையில் வாழ்ந்தோருக்குக் குடும்ப அட்டையும் மாற்றுச் சான்றிதழும் உண்டு. அவற்றையே ஆவணமாகக் கொள்ளலாம் என்று கூறினேன். நம் சங்க இளைஞர் சிலர் பெரும்பாக்கம் சென்று, கரையில் பிறந்து வளர்ந்த முதியோரிடம் அவர்கள் படித்த பள்ளி, செய்த தொழில், ஊரிலிருந்து வந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதிவரத் தொடங்கியுள்ளனர். இதுவரை இரண்டு குறிப்பேடுகள் நிரம்பியுள்ளன. அவை சங்க நூலகத்தில், அகராதிகள் வைத்துள்ள அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. உறுப்பினர் எவரும் எடுத்துப் பார்க்கலாம். பெரும்பாக்கத்தில் உறவினர் உடையோர் எங்களுடன் வரலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சங்கக் கட்டடத்திலிருந்து புறப்படுகிறோம்.