ஐயோ, ஆத்தாடி, எட்டாம் வேற்றுமை

இலக்கணம்னதும் அடுத்த பதிவுக்கு ஓடிராதீங்க மக்களே. இது ஐயோ, எம்மா, ஆத்தாடி பத்தின கதை :-)

ஆங்கில இலக்கணத்தில் சொல்வகை எட்டு. எட்டாவதா நிக்கிறது இன்டர்ஜெக்‌ஷன். தமிழில் வியப்பிடைச்சொல்னு சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்தில் உதாரணம் எப்பவும் ரெண்டுதான். சந்தோஷத்துக்கு 'ஹுர்ரா', துக்கத்துக்கு 'அலாஸ்'. விளாத்திகுளம் பக்கம் எங்க குளத்தூர்ல எத்தனையோ எழவு வீட்டுக்குப் போயிருக்கேன். ஒருத்தர்கூட அலாஸ்னு அழுது பாத்ததில்லை.

சரி, அந்த எட்டாவது இடம் எப்படி வந்தது? கிரேக்க இலக்கணக்காரர்கள் உணர்ச்சிச் சொற்களை வினையடைக்குள்ளேயே அடக்கிட்டாங்க. அவங்க போட்ட எட்டு வகையில் ஆர்ட்டிகிளும் ஒண்ணு. லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. கிரேக்கர்களைப் பாத்து இலக்கணம் எழுதின ரோமானியர்களுக்கு ஒரு நாற்காலி காலி. கி.பி. முதல் நூற்றாண்டில் ரெம்மியஸ் பாலேமோன் என்ற வாத்தியார் உணர்ச்சிச் சொற்களைத் தனி வகையாப் பிரிச்சார். எண்ணிக்கை பழையபடி எட்டு! அதுதான் சின்னச் சின்ன மாற்றங்களோட ஆங்கிலத்துக்கு வந்து, நம்ம கரும்பலகையிலும் ஏறிச்சு.

லத்தீனில் அந்தப் பேருக்கு அர்த்தம் 'இடையில் எறிந்தது'. அதாவது வாக்கியத்துக்குச் சம்பந்தமில்லாம நடுவில் வந்து விழுந்த சத்தம்.

தொல்காப்பியத்தில் சொல் நாலே வகை: பெயர், வினை, இடை, உரி. உணர்ச்சிக்குன்னு தனி வகை இல்லை. அதுக்காக உணர்ச்சியை மறந்துட்டாங்கன்னு அர்த்தமில்லை. நகை, அழுகை, அச்சம், வெகுளின்னு எட்டு மெய்ப்பாட்டுக்கு ஒரு இயலே இருக்கு. 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி ஒரே சொல் ரெண்டு, மூணு, நாலு தடவை வரை அடுக்கி வரும்னு சொல்றார். விரைவிலும் கோபத்திலும் பயத்திலும் அப்படி வரும்னு உரைகாரர்கள் விளக்குறாங்க. பாம்பைப் பாத்தவன் ஒரு தடவை 'பாம்பு'ன்னு சொல்லி நிறுத்துவானா? "பாம்பு பாம்பு"ன்னுதான் அலறுவான். சாதாரணப் பெயர்ச்சொல்தான். அடுக்கினதும் அதில் பயம் ஏறிருது.

இன்னொண்ணும் இருக்கு. எங்க கரிசல் காட்டில் கேக்குற சத்தங்களைப் பாருங்க: எம்மா, ஏ யப்பா, யய்யா, ஆத்தாடி. எல்லாமே யாரையோ கூப்பிடுறது! தமிழ் இலக்கணத்தில் இதுக்குப் பேர் விளி, எட்டாம் வேற்றுமை. பருத்தி விலை இறங்கிருச்சுன்னு கேட்டதும் எங்க பாட்டி "எம்மா"ன்னு உக்காந்துருவா. அவளோட அம்மா செத்து நாப்பது வருஷம். இருந்தாலும் கூப்பாடு அங்கதான் போகுது. ரோமானியர்களுக்கு எறிஞ்ச சத்தமா இருந்தது நமக்கு ஆளைக் கூப்பிடுற குரலா இருக்கு.

இதை ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா, எங்க பக்கம் முதல் தலைமுறையாப் படிக்கிற பிள்ளைங்க நிறைய. 'அலாஸ்' இலக்கணம், 'ஆத்தாடி' பட்டிக்காடுன்னு ஒரு தடவை மனசில் பதிஞ்சா, அப்புறம் வேலைக்கான நேர்முகத் தேர்வில் வாயே திறக்காது. சொந்த நாக்கு மேல வெக்கம் வந்தவனுக்கு அடுத்த மொழி எப்படி வரும்?

கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் 1982லேயே கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி கொண்டுவந்தார். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2016ல் 'ஐயோ'வைச் சேத்துக்கிச்சு. ஆங்கிலேயனே நம்ம ஐயோவுக்கு இடம் கொடுத்தாச்சு. ஆங்கில வாத்தியார்கள் 'அலாஸ்' பக்கத்தில் 'ஐயோ'ன்னும், 'ஹுர்ரா' பக்கத்தில் பிள்ளைங்க சொல்ற வார்த்தையையும் எழுதிப் போட்டா என்ன குறைஞ்சிரும்? பாடமும் சட்டுனு புரியும்.

உங்க ஊர்ல அதிர்ச்சி வந்தா யாரைக் கூப்பிடுவாங்க? பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.