யாழ்ப்பாணத்து மடங்களும் வழிப்போக்கர் அறமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் இடப்பெயர்களை நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். கந்தர்மடம், மருதனார்மடம், ஓட்டுமடம், ஆறுகால்மடம் என மடத்தாற் பெயர்பெற்ற இடங்கள் இங்குப் பலவாகும். அக்கட்டடங்களைக் கண்டிராத இளந்தலைமுறையினரும் அவற்றின் பெயர்களைச் சொல்லியே நாள்தோறும் வழி கேட்கின்றனர். வழிப்போக்கர் தங்கிய இடம் ஊருக்கே பெயராகி நிலைத்தமை, இம்மண்ணின் வாழ்வில் மடம் பெற்றிருந்த இடத்தை நன்கு உணர்த்தும்.

அறத்தின்பொருட்டுக் கட்டடம் எழுப்புதல் பல நாட்டார்க்கும் பொதுவானது. விக்ரோறியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் வறிய முதியோர்க்கெனத் தரும இல்லங்கள் பல எழுந்தன. 1834 ஆம் ஆண்டு வறியோர் சட்டம், உதவி நாடியோரைக் கடுமை மிக்க வேலையில்லங்களுக்கு அனுப்ப முனைந்தது. அந்த இழிவினின்றும் முதியோர் சிலரையேனும் காப்பனவாக இவ்வில்லங்கள் அமைந்தன. ஆலை முதலாளியான ரைற்றஸ் சோல்ற் என்பார் தாம் அமைத்த சோல்ற்றெயர் என்னும் ஊரில் 1868 இல் 45 இல்லங்களைக் கட்டுவித்தார். இத்தகைய இல்லங்கள் பலவற்றில் நன்னடத்தையுடையோரெனத் தெரிந்தெடுக்கப்பட்டோரே குடியிருத்தப்பட்டனர். யாழ்ப்பாணத்து மடமோ தங்கி வாழ்வார்க்கன்றிக் கடந்து செல்வார்க்கே பெரிதும் உரியதாயிற்று. முதியோரைப் பேணுதல் குடும்பத்தின் கடனெனக் கொண்ட சமுதாயம், குடும்பத்தைப் பிரிந்து வழிநடப்பவனையே ஊரார் அறத்திற்கு உரியவனாகக் கருதியது எனலாம்.

இக்கருத்து மடங்களின் அமைப்பிலேயே வெளிப்படுகின்றது. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் இதற்குத் தக்க சான்று. பெயருக்கேற்ப அது தெருவை மூடி நிற்கின்றது. இருமருங்கும் உயர்ந்த திண்ணைகளும் கற்றூண்களும் அமைய, அவற்றின் நடுவே, கூரையின் கீழே, தெரு செல்கின்றது. நடப்பவன் வழியை விட்டு விலகவேண்டுவதில்லை. கதவைத் தட்டி அனுமதி கேட்கவேண்டுவதுமில்லை. வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில் நிலத்தடி நீரே உயிர்நாடியாதலின், மடத்தை அடுத்துக் கிணறோ கேணியோ அமைதல் வழக்கம். கால்நடைகளுக்கு நீர்த்தொட்டியும், அவை உடலை உராய்ந்து தினவு தீர்க்க ஆவுரோஞ்சிக்கல்லும் நாட்டப்பட்டன. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கிவைக்கச் சுமைதாங்கி உதவியது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கமும் தமிழரிடையே உண்டு. இறக்கப்படாத ஒரு சுமையின் துயர், பிறர் சுமையை இறக்கும் கல்லாயிற்று.

தங்குமிடத்தோடு உணவும் அறமாயிற்று. ஆடியமாவாசையிற் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்கு வந்தோர்க்கு அங்கிருந்த மடங்கள் நிழல் தந்தன. செல்வச்சந்நிதி முருகன் 'அன்னதானக் கந்தன்' எனப் போற்றப்படுவது அவ்வாலயச் சூழலில் நிகழும் அன்னதானத்தாலேயாம். 1877 ஆம் ஆண்டளவிற் பஞ்சம் வருத்தியபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து வறியோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தமையும் இவ்வற மரபின் தொடர்ச்சியே.

ஆயினும், பழமையைப் போற்றும் ஆர்வத்தில் வரலாற்றின் மறுபக்கத்தை மறத்தலாகாது. சாதியின் பெயரால் ஒரு பகுதியினர் கோயிலினுட் புகவும் கிணற்றில் நீரள்ளவும் தடுக்கப்பட்ட நாட்டில், மடத்துத் திண்ணை மட்டும் எல்லார்க்கும் ஒப்ப இடமளித்தது எனக் கொள்வது எங்ஙனம்? சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்திற்குப் போராடவேண்டியிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. கதவில்லாத கட்டடத்திற்கும் கண்ணுக்குத் தெரியாத கதவொன்று இருத்தல் கூடும்.

1905 இற் கொழும்புடன் இணைந்த புகைவண்டிப் பாதையும், பின்வந்த பேருந்துகளும் நடைப்பயணத்தைக் குறைத்தன. மடங்களின் தேவையும் குறைந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, அப்பகுதி மடங்கள் பேணுவாரின்றிக் கிடந்தன. எஞ்சிய தூண்களையும் சுமைதாங்கிகளையும் காத்தல் நம் கடன். ஆனால் கல்லைக் காத்தலோடு அக்கடன் முடிவதில்லை. முன்னோர் தெருவின்மேற் கூரையிட்டனர். அக்கூரையின் கீழ் எவரும் ஒப்ப அமரும் நிலையை உருவாக்குதல் நம்மிடம் விடப்பட்ட பணியாகும்.