ஊரும் பேரும் வினவாத பந்தி

சமய நல்லிணக்க மேடைகளில் தவறாது ஒலிக்கும் தொடர் ஒன்றுண்டு. எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன என்பது அது. கேட்போர் கைதட்டுவர், பேசியவர் அமர்வார், கூட்டம் இனிதே நிறைவுறும். அத்தொடர் பொய்யன்று. ஆயினும் வரலாறு கற்பவர்க்கு அது போதாது. அன்பு செய்க என்று ஒரு சமயம் கூறும்போதே, யார்க்கு என்னும் வினா உடன் எழுகின்றது. தன் சமயத்தார்க்கா, தன் குலத்தார்க்கா, வாயிலில் வந்து நிற்கும் எவர்க்குமா? இவ்வினாவுக்கு நூல்கள் தரும் விடையைக் காட்டிலும், உலை வைத்த இடங்கள் தந்த விடையே எனக்குத் தெளிவாகப் படுகின்றது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலருக்குக் கட்டுரை வேண்டுமென அமைப்பாளர்கள் பணித்தபோது, தமிழகத்தில் சோறு இடப்பட்ட இடங்கள் சிலவற்றின் வழியே இப்பொருளை நோக்கத் துணிந்தேன். கவிஞர் நிறைந்த அவையில் சோற்றைப் பற்றிப் பேசலாமோ என்று நான் அஞ்சவில்லை. பசியைப் பாடாத புலவர் மரபு நம்முடையதன்று.

மூன்று சமயங்களின் கூற்றுகள் மூன்றினை முதற்கண் அருகருகே வைத்துக் காண்போம். கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனுக்கு இடுவது நடமாடும் கோயிலாகிய மனிதரைச் சென்று சேர்வதில்லை, மனிதர்க்கு இடுவதோ இறைவனையும் சென்று சேரும் என்பது திருமூலர் கருத்து. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பின் காட்சி வருகின்றது. அரியணையில் அமர்ந்தவர், தாம் பசித்திருந்தபோது உணவளித்தவரையும் அளியாதவரையும் இரு பக்கமாகப் பிரிக்கிறார். உம்மைப் பசித்தவராக யாம் எப்போது கண்டோம் என இரு திறத்தாரும் ஒருங்கே திகைக்கின்றனர். எளியவர் ஒருவர்க்குச் செய்ததும் செய்யத் தவறியதும் தமக்கே ஆயின என்று விடை வருகின்றது. 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு அச்சேறியபோது இக்காட்சி தமிழ் அச்செழுத்தில் வந்தது. இமாம் முஸ்லிம் ஒன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த நபிமொழிகளுள் ஒன்றிலும் ஏறத்தாழ இதே உரையாடலைக் காண்கிறோம். மறுமை நாளில் இறைவன், தான் உணவு கேட்டும் மனிதன் கொடுக்கவில்லை என்கிறான். அனைத்துக்கும் அதிபதியான உனக்கு நான் எங்ஙனம் உணவளிப்பேன் என மனிதன் மருள்கிறான். தன் அடியான் ஒருவன் கேட்டு நின்றதை இறைவன் அவனுக்கு நினைவூட்டுகிறான்.

இம்மூன்றும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை என்று கொள்ளச் சான்றில்லை. மூன்றிலும் கடவுளே பசித்து நிற்கிறார் என்பதை எண்ணும்போது உடல் சிலிர்க்கின்றது. எனினும் உரையாசிரியரின் பழக்கம் நம்மை விடுவதில்லை. திருமூலர் பாட்டு நிற்கும் இடம் மாகேசுவர பூசை என்னும் பகுதி. அவ்விடத்தை நோக்கின் நடமாடும் கோயிலென்பது சிவனடியாரையே குறிக்கும். மனிதர் எல்லாரையும் அதனுள் அடக்கியது பிற்கால வாசிப்பு. மத்தேயுவில் எளியவராகிய சகோதரர் என்பது எல்லா மனிதரையுமா, சீடரை மட்டுமா என்ற வாதம் விவிலிய அறிஞரிடையே நெடுநாளாக உண்டு. பெரியபுராணத்து இளையான்குடி மாறனாரை நினைவு கூர்க. வறுமையுற்ற நிலையில், மழை பெய்யும் நள்ளிரவில், பகலில் விதைத்த நெல்லை வாரிவந்து விருந்தோம்பியவர் அவர். வந்தவர் அடியார் வேடத்து வந்த சிவன். அவ்வேடம் இல்லாத வழிப்போக்கன் ஒருவன் அவ்விரவில் கதவைத் தட்டியிருந்தால்? சேக்கிழார் அதனைப் பாட வந்தவரல்லர், ஆதலின் அவரிடம் அதைக் கேட்பது முறையன்று என்பர். ஆயினும் கேட்கத் தோன்றுகின்றது.

இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்ட தமிழ் நூல் மணிமேகலை. சமய வாதத்தில் ஓர் அடியும் விட்டுக்கொடாத காப்பியம் அது. வஞ்சியில் சமயக் கணக்கர் பலரின் கொள்கைகளையும் கேட்ட மணிமேகலை, காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அறத்தையே ஏற்கிறாள். ஆனால் அவள் கையிலுள்ள அமுதசுரபிக்கு வாதம் தெரியாது. குருடர், செவிடர், முடவர், காப்பாரற்றோர், நோயுற்றோர் என அப்பாத்திரத்தின் முன் வருவோரைக் காப்பியம் உடற்குறையாலும் துணையின்மையாலும் எண்ணுகின்றதே அன்றிச் சமயத்தால் எண்ணவில்லை. பாத்திரத்தை முதலில் பெற்ற ஆபுத்திரனோ, வேள்விப் பசுவை மீட்டதற்காக ஊராரால் துரத்தப்பட்டவன். பெற்றவளால் கைவிடப்பட்டு, ஒரு பசுவின் பாலில் ஏழு நாள் உயிர் பிழைத்த குழந்தை. குலம் கேட்டு விரட்டப்பட்டவன் கையில் குலம் கேளாத பாத்திரத்தைச் சாத்தனார் வைத்தது தற்செயலாகாது. ஆபுத்திரனின் இறுதியைப் பின்னர்க் கூறுவேன்.

சமணர் உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என நால்வகைத் தானத்தை அறமாகக் கொண்டனர் என்பதை நாம் அறிவோம். அதனை இங்கு விரிக்கவில்லை. கீழக்கரைச் சீதக்காதியை மட்டும் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை. பொன்னும் நெல்லும் எடைக்கு எடை விற்ற பஞ்சத்திலும், வந்தவர் எவராயினும் சோற்றுக்குத் தடை சொல்லாதவர் என அந்த முஸ்லிம் வணிகரைப் பாடியவர் சைவராகிய படிக்காசுப் புலவர். பரிசில் பெற்ற நாவின் மிகை என்று இதனை ஒதுக்குவாரும் உளர். மிகையாகவே இருக்கட்டும். ஒரு வள்ளலை உயர்த்த வேண்டிய புலவர்க்கு, எவர்க்கும் தடையில்லை என்பதே உச்சப் புகழாகத் தோன்றியுள்ளது என்பது வரலாற்றுச் செய்திதானே?

தஞ்சைச் சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்று, தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களைப் பற்றிப் பேசுகின்றது. பிராமணர் முதல் பறையர் ஈறாக எல்லா வழிப்போக்கர்க்கும் அங்கு உணவுண்டு. நோயுற்றவர்க்கு மருத்துவம் உண்டு. பிள்ளைப்பேற்றுக்குத் துணையும் உண்டு. படிக்கும்போதே நெஞ்சு குளிர்கின்றது. அதே கடிதத்தில், சமைத்த சோற்றை ஏலாதார்க்கு அரிசியும் பிறவும் சமைக்காமலே தரப்படும் எனவும் வருகின்றது. அச்சிறு குறிப்பில் ஒரு சமூகமே அடங்கியுள்ளது. சோறு எல்லார்க்கும் உண்டு. ஒரே பானைச் சோறு எல்லார்க்கும் இல்லை. கொடுக்கும் கைக்குத் தடையில்லாதபோதும் உண்ணும் வாய்களுக்கிடையே சுவர் நின்றது.

அச்சுவரை நேரே தொட்டவர் இராமலிங்க அடிகள். பார்வதிபுரம் எனப்பட்ட வடலூர் மக்கள் கொடுத்த நிலத்தில், 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையை அவர் தொடங்கினார். அவர் இயற்றிய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை நம் வட்டத்துக் கவிஞர்கள் ஒருமுறையேனும் படித்தல் வேண்டும். பசி ஏறஏற ஒரு மனித உடலில் நிகழ்வதை உறுப்புறுப்பாக அவர் எழுதிச் செல்லும் பகுதி தமிழ் உரைநடையில் தனித்து நிற்பது. அறிவு மங்குவதையும், கண் ஒளி குன்றுவதையும், காது அடைப்பதையும் தாமே அருகிருந்து பார்த்தவரன்றி அப்படி எழுத இயலாது. அந்நூலில் அவர் இடும் கட்டளை ஒன்றே நம் பொருளுக்கு உயிர். பசித்து வந்தவர் எத்தேசத்தார், எச்சமயத்தார், எச்சாதியார், எத்தொழிலார் என விசாரிக்கலாகாது என்கிறார். விசாரித்த பின்னும் கொடு என்று அவர் கூறவில்லை, விசாரிப்பதையே விலக்குகிறார்.

அடிகளுக்கும் எல்லைக்கோடு உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. கொலையும் புலாலும் விடாதாரைத் தம் நெறிக்குப் புறம்பானவர் என்றே அவர் பாடினார். அவரோடு நட்பும் நல்லுரையும் வேண்டா என்ற அளவுக்குக் கடிந்தார். ஆயின் அதே பாட்டில் அவர்தம் பசியை நீக்குதல் மட்டும் செய்க என்று பணிக்கிறார். கொள்கையில் கதவை அடைத்தவர் அடுக்களையில் அதைத் திறந்து வைத்தார். அன்றைய சாலையில் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்படுகின்றது.

அடிகள் மேட்டுக்குப்பத்தில் 1874 சனவரி 30 அன்று அறையினுட் புகுந்து மறைந்தார். ஈராண்டு கழித்துத் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தில் மாண்டவர் பல இலட்சம். அரசின் பேராளராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என வரையறுத்தார். உடல் உழைப்புக்கு அது போதாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். வீட்டைவிட்டுத் தொலைவு வந்து கல் சுமக்க ஒப்புகிறவனே மெய்யாகப் பசித்தவன் என்பது அரசின் சோதனை முறை. வினவாதே என்று வடலூரில் எழுதப்பட்டுப் பத்தாண்டு கழியுமுன், வினவுவதையே ஆட்சிமுறையாக்கிய காட்சி இது.

அப்பஞ்சத்தில் மாயூரத்தில் தம் பொருளைப் பசித்தோர்க்குச் செலவிட்டவர் முன்னாள் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடியவர். அவர் கொடையை வியந்து கீர்த்தனை பாடியவர், நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார். கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவனைப் பாடிய சைவ அந்தணரின் வாய், பசித்தவரை வாயிலில் நிறுத்தாத கிறித்தவரையும் பாடிற்று. இதற்கு முன்பே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்துக் கோவை இயற்றியிருந்தார். மகாவித்துவானிடம் பாடங்கேட்டவருள் சவரிராயலு நாயகர் கிறித்தவர், நாகூர்க் குலாம் காதிறு நாவலர் முஸ்லிம். சமயம் கடந்த நட்பு அக்காலப் புலவரிடையே மேடைப்பொருளாக இருந்ததில்லை. நாள்தோறும் நிகழ்ந்த பாடமாக இருந்தது.

இவ்வளவும் நூலறிவு. என் வீட்டுச் செய்தி ஒன்றையும் கூறியாக வேண்டும். தென்னார்க்காட்டுச் சிற்றூரில் வாழ்ந்த என் பாட்டி, தைப்பூசந்தோறும் வடலூர் செல்வார். சிறுமியாகிய என்னையும் அழைத்துச் செல்வார். அங்கே பந்தியில் அருகில் யார் அமர்ந்தாலும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. இலையில் விழுந்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்பார். எங்கள் வீட்டிலோ கழனி வேலை செய்தவர்க்குக் கொல்லைப்புறத்தில் தனி இலை. அவர் கையே அதையும் பரிமாறியது, குறைவாகப் பரிமாறியதில்லை. ஒருமுறை இதைக் கேட்டுவிட்டேன். "அது சாமி சோறுடி, இது நம்ம வூட்டுச் சோறு" என்றார். அவர் சினந்து சொல்லவில்லை. எளிய உண்மையொன்றைப் பேத்திக்கு விளக்குவது போலவே சொன்னார். அன்பில்லாதவர் என்று அவரைச் சொல்ல என்னால் இயலாது. அவர் கற்ற அன்பு வாசற்படி வரை வந்து அங்கே நின்றுவிட்டது. முனைவர்ப் பட்டத்துக்கு நான் படித்த நூல்களில் எதுவும் அவ்விடைபோல் என்னை உறுத்தியதில்லை.

ஆபுத்திரனின் இறுதியை இனிக் கூறலாம். இந்திரன் மழையைப் பொழிவித்து நாட்டை வளமாக்க, அமுதசுரபியை நாடி வருவார் இல்லாமற் போயினர். பசித்தவரைத் தேடி அவன் கடல் கடந்து சாவகம் செல்லக் கலமேறினான். மணிபல்லவத்தில் கலம் அவனை விட்டுச் சென்றது. ஆளில்லாத் தீவில் அள்ளக் குறையாப் பாத்திரம் அவன் கையில் இருந்தது. அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாது கிடந்து உயிர் துறந்தான்.

சில ஆண்டுகளுக்குமுன் இப்பகுதியை வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, "அவ்வளவு பேருக்குக் கொடுத்தவர், தாமும் ஒரு பிடி அள்ளிச் சாப்பிட்டிருக்கக் கூடாதா அம்மா?" என்று கேட்டாள். உரையாசிரியர் கூற்றை எடுத்துரைக்க நான் வாயெடுத்தேன். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து, அதிகம் பேசாத பெண்ணொருத்தி விடை சொன்னாள்.

"கூட உட்கார்ந்து சாப்பிட யாரும் இல்லையே."