காரைக்காலுக்கு வந்த முடிச்சு

காரைக்காலில் பட்டறை ஆசிரியராக இருந்த காலமெல்லாம் என் மேசை டிராயரில் ஒரு முழம் இரட்டை வயர் கிடக்கும். அதை பல்பு ஹோல்டருக்குள் நுழைத்து உள்ளே ஒரு முடிச்சுப் போட வேண்டும். வெளியே யார் இழுத்தாலும் இழுவை முடிச்சோடு நின்றுவிடும். திருகாணியில் மாட்டிய முனைகள் கழலாது. வீணைக் குறைக்கும் லீன் உற்பத்தி முறை பற்றிய வகுப்பில் நான் முதலில் எடுப்பது இந்த வயரைத்தான். அந்த முறையின் கதையில் இந்த முடிச்சுக்கு ஓர் இடம் உண்டு.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்குப் புது ஆட்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். அவர்களைப் பழக்க சார்லஸ் ஆலன் நான்கு படிகள் வகுத்தார்: ஆளைத் தயார்செய், செய்து காட்டு, அவனையே செய்யவிடு, சோதித்துப் பார். 1940இல் அமெரிக்க அரசு தொடங்கிய டி.டபிள்யூ.ஐ. என்ற பயிற்சித் திட்டம் இதையே எடுத்துக்கொண்டது. பத்துப் பத்து மேற்பார்வையாளர்களாக உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள்.

பாடத்தின் தொடக்கத்திலேயே அந்த முடிச்சு வந்துவிடும். பயிற்றுநர் ஒருவரை அழைத்து வாயால் மட்டும் விளக்குவார், முடிச்சு விழாது. அடுத்தவருக்குப் பேசாமல் போட்டுக் காட்டுவார், அதுவும் விழாது. பிறகு ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே காட்டி, எங்கே கவனம் வேண்டும், ஏன் வேண்டும் என்றும் சொல்லி, வயரைக் கையில் கொடுப்பார். விழுந்துவிடும். 1945இல் திட்டம் முடிவதற்குள் பதினாறு லட்சம் பேருக்கு மேல் பயிற்சி பெற்றார்கள்.

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்ததும் அமெரிக்கா அதைப் பரணில் போட்டது. அமெரிக்கப் படைகளின் பிடியில் இருந்த ஜப்பான் பற்றிக்கொண்டது; டொயோட்டா 1951இல் ஏற்றது. அங்கே பொறியாளர் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த, பின்னாளில் லீன் எனப் பெயர்பெற்ற உற்பத்தி முறைக்கு, வேலை பழக்கும் வழி இங்கிருந்துதான் கிடைத்தது. அதே 1950களில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் துணையோடு இந்தப் பயிற்சி பம்பாய்க்கும் வந்தது. ஜப்பானிய ஆலைச் சிந்தனை தமிழ்நாட்டிலும் வேர்பிடிப்பதை 1998 காட்டியது: சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்கு ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலாவதாக வென்றது.

எங்கள் பிள்ளைகள் அத்தகைய ஆலையைக் கண்டதில்லை. பாதிப் பேர் வயல்காட்டிலிருந்தும், மீதிப் பேர் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற கடலோர ஊர்களிலிருந்தும் வருவார்கள். அவர்களுக்கு லீனைப் புரியவைக்க நான்கு மேசையும், கவர் செய்யப் பழைய தாளும் போதும். மடிக்க ஒருவர், ஒட்ட ஒருவர், முத்திரை குத்த ஒருவர், சரிபார்க்க ஒருவர். ஆளுக்கு ஒரு கவருக்குப் பத்து விநாடி. முதல் சுற்றில் பத்துக் கவரையும் முடித்த பிறகே அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். முதல் கவர் வெளியே வர 310 விநாடி ஆகும். பத்தும் முடிய 400. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்வேன். முதல் கவர் 40 விநாடியில் வந்துவிடும். பத்தும் 130இல் முடியும்.

“சார், நாங்க கையை வேகமா ஆட்டவே இல்லையே?” என்று ஒரு பையன் கேட்டான்.

“அதுதான் தம்பி பாடம். முன்னாடி கவர் உன் கையில இருந்த நேரத்தைவிட மேசையில காத்துக் கிடந்த நேரம்தான் அதிகம்.”

மூன்றாம் சுற்றில் மடிப்பவனிடம் ரகசியமாகத் தவறாக மடிக்கச் சொல்வேன். மொத்தமாகத் தள்ளும்போது பத்தும் பாழான பிறகே சரிபார்ப்பவன் கண்ணில் படும். ஒவ்வொன்றாகப் போனால் மூன்று நான்கோடு பிடிபட்டுவிடும். சரக்குக் குவியல் தவறை மறைக்கும் என்பதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் யாருக்கும் நினைவில் நின்றிருக்காது.

சிறு தொழில்களுக்கான லீன் திட்டத்தை ஒன்றிய அரசு 2009இல் தொடங்கி, 2023 மார்ச்சில் புதுப்பித்தது. ஆலோசகர் செலவில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. பணம் இனி சாக்கு இல்லை. ஆனால் ஆலோசகர் வந்து படம் காட்டிவிட்டுப் போனால் சுவரில் ஜப்பானியச் சொற்கள்தான் மிஞ்சும். பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பயிற்சிக்கு ஆளை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் ஒரு மேசையில் உட்காருங்கள். மறுநாளே உங்கள் பட்டறையில் எந்த வேலை எங்கே காத்துக் கிடக்கிறது என்று கடிகாரத்தோடு நின்று பாருங்கள்.