ஆண்டு மலரில் இல்லாத மிக்கேல்

பள்ளிக்கூட வரலாறு எண்டா எங்களுக்கு முதல்ல ஞாபகம் வாறது ஆண்டு மலர்தான். ஆசிச்செய்திகள், அதிபர்மார் பட்டியல், கட்டடம் திறந்த திகதி எல்லாம் அதில இருக்கும். அங்க படிச்ச பெடியன்கள் எதை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. மட்டக்களப்பு புளியந்தீவில் இருக்கிற புனித மிக்கேல் கல்லூரியை நாங்கள் அந்தக் கேள்வியோடு பார்க்க விரும்புகிறோம்.

1873 இல் தொடங்கிய பாடசாலை இது. 1893 இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. 1895 இல் பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகள் கிழக்குக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான பொனெல் சுவாமியின் பெயரை இன்றைக்கும் கல்லூரியோடு சேர்த்தே சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஆங்கிலம் படித்து கேம்பிரிட்ஜ் சோதனை பாஸ் பண்ணினால்தான் அரச உத்தியோகம். அதனால கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் இங்க வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் காரைதீவு மயில்வாகனம். 1908 இல் கேம்பிரிட்ஜ் சீனியர் சித்தியடைந்தார், பிறகு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அவர்தான் சுவாமி விபுலானந்தர். சைவப் பிள்ளைகளுக்கும் தங்கட சூழலில் நல்ல கல்வி கிடைக்கவேண்டும் என்று 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயத்தைத் தொடங்கினார். படிச்ச இடத்திலிருந்து பெற்றதை வைத்தே அதற்கு ஒரு மாற்றை அவரால் கட்ட முடிந்தது. மிஷன் பள்ளிகளை முழுக்கப் புகழ்கிறவர்களும் முழுக்கத் திட்டுகிறவர்களும் இதை யோசிக்கவேணும்.

1940களில் அமெரிக்க இயேசு சபையினர் வந்தார்கள். வாவியில் பாடும் மீன்களின் ஓசையை அவர்கள் பதிவுசெய்ய, இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. பெடியன்களுக்கு அதைவிடப் பெரிசு கூடைப்பந்து. இந்தச் சின்ன டவுன் பிள்ளைகள் அகில இலங்கைக் கிண்ணங்களோடு ஊர் திரும்பினார்கள். 1960 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் வந்தது. தனியாக இயங்க விரும்பியவை கட்டணம் வாங்க முடியாமல் போனது. மிக்கேல் இன்று ஒரு தேசிய பாடசாலை.

கூடைப்பந்து எண்டா ஹெபியர் சுவாமியைச் சொல்லாமல் விட ஏலாது. லூசியானாவில் பிறந்து 1948 இல் இலங்கைக்கு வந்தவர். கிழக்கின் பிள்ளைகளுக்குப் பல வருடங்கள் பந்து பழக்கியவர், பிறகு தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தியவர். 1990 ஆனியில் யுத்தம் திரும்பத் தொடங்கியபோதும் அவர் மட்டக்களப்பை விட்டுப் போகவில்லை. அந்த வருடம் ஆவணி 15, வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் பெர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞர். இருவரும் வந்து சேரவேயில்லை. என்ன நடந்தது என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அவர் பழக்கிய விளையாட்டை ஊர் இன்னும் விளையாடுகிறது. கிண்ணங்களின் பட்டியல் எழுதுகிறவர்கள் அந்தத் திகதியையும் எழுதவேணும். இரண்டு பெயரையும் எழுதவேணும், ஏனெண்டால் வெளிநாட்டுச் சுவாமியின் பெயர் நிலைத்த அளவுக்கு எங்கட பெடியனின் பெயர் நிலைக்கவில்லை.

அந்த நேரம் உயர்தரம் படித்தவர்களுக்கு இப்ப ஐம்பது வயது தாண்டியாச்சு. உங்கட வீட்டிலயும் அப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். எந்தப் பள்ளிக்கூடமாக இருந்தாலும் பரவாயில்லை, அவரோட இருந்து கதையுங்க. அவர் சொல்லுறதைத் திகதியோட எழுதி வையுங்க.